மீசை அரிக்குது டீச்சர்!

ஆகஸ்ட் நெருங்கினால் பத்திரிகைக்கு வரும் வாசகர் கடிதக் கட்டு தடித்துவிடும். சுதந்திர தின மாறுவேடத்தில் தொடங்கி ஆசிரியர் தினம், குழந்தைகள் தினம் என்று போய், தை மாசியில் விளையாட்டு விழா, ஆண்டு விழாவோடுதான் ஓயும். தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தலைப்பாகை கட்டி, மூக்கைத் துடைத்து, மேடைக்கு அனுப்பியே ரிட்டயர் ஆனவள் நான். அதனால் இந்த மாதக் கட்டைப் பத்திரிகையின் ஆசிரியர் குழு என் தலையில் கட்டிவிட்டது. எல்லாக் கடிதத்துக்கும் இடமில்லை. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால், அதில் விவரமாக எழுதியவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டேன்.

டீச்சர், என் மகன் யு.கே.ஜி. படிக்கிறான். சுதந்திர தினத்துக்குப் பாரதியார் வேஷம். போன வருடம் காந்தி வேஷம் போட்டு மேடைக்கு அனுப்பினோம். கண்ணாடியையும் கம்பையும் கீழே போட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடி வந்துவிட்டான். இந்த வருடம் கடையில் வாங்கிய ஒட்டு மீசையை வைத்துப் பார்த்தேன். ‘அரிக்குது’ என்று பிய்த்து எறிகிறான். பேசுவதற்கு எட்டு வரி எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவது வரிக்கு மேல் போக மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?
- ஓர் அம்மா, மன்னார்குடி

முதலில் அந்த மீசையைக் குப்பையில் போடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளையின் மேலுதட்டில் பசை தடவி முடியை ஒட்டினால் யாருக்குத்தான் அரிக்காது? ஐப்ரோ பென்சில் போதும். கண்மையில் வரைந்தால் வேர்வையில் இழுகி, பாரதியார் கரி தின்றவர் மாதிரி ஆகிவிடுவார். கண்மைதான் இருக்கிறது என்றால், வரைந்த பிறகு மேலே லேசாகப் பவுடரை ஒற்றி எடுங்கள். ஒரு மணி நேரம் தாங்கும். வரையும்போது அவனைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, தன் முகம் மாறுவதை அவனே பார்க்கும்படி செய்யுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சட்டென்று கண்ணாடியைக் காட்டினால் சில பிள்ளைகள் தங்களையே பார்த்துப் பயந்துவிடுவார்கள். போன வருட அழுகைக்கு அதுவும் காரணமாக இருந்திருக்கலாம்.

தலைப்பாகையை அன்று காலையில் வேட்டியைக் கிழித்துக் கட்ட வேண்டாம். அது காதை மூடும், மேடையில் ஏறும்போது கண்ணுக்கு இறங்கும். பழைய வெள்ளைத் துணியை அவன் தலையளவுக்குச் சுற்றி, நாலைந்து இடத்தில் நூலால் தைத்து, தொப்பி மாதிரி மாட்டிக் கழற்றும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஊக்கு குத்தாதீர்கள். மாட்டிவிட்டுக் குனியச் சொல்லுங்கள், தலையை ஆட்டச் சொல்லுங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். மூன்றுக்கும் விழாமல் நின்றால் சரி. கறுப்புக் கோட்டைக் கடைசியாக மாட்டுங்கள். அதற்கு முன் கண்டிப்பாகப் பாத்ரூம் கூட்டிப் போய் வாருங்கள். மாறுவேடப் போட்டியில் அழும் பிள்ளைகளில் பாதிப் பேர் அழுவது கூட்டத்தைப் பார்த்து அல்ல. ஒன்றுக்கு வருகிறது, இந்த உடுப்பை எப்படி அவிழ்ப்பது என்று தெரியாமல்தான்.

அந்த எட்டு வரி நீங்கள் பேசுவதற்குச் சரி. அவனுக்கு மூன்று போதும்: ‘வணக்கம். நான் பாரதியார். எட்டயபுரத்தில் பிறந்தேன்.’ அப்புறம் ஒரு செய்கை. வீட்டில் சமைக்க வைத்திருந்த அரிசியைப் பாரதியார் குருவிகளுக்கு இறைத்த கதை உங்களுக்குத் தெரியும். அதை அவனுக்குச் சொல்லுங்கள். கோட்டுப் பையில் கொஞ்சம் பொரி போட்டுக் கொடுத்து, மூன்றாவது வரி முடிந்ததும் ‘குருவி, வா வா’ என்று இறைக்கச் சொல்லுங்கள். கைக்கு ஒரு வேலை இருந்தால் பிள்ளை கூட்டத்தை மறந்துவிடும். அரிசி வேண்டாம், அடுத்து ஆட வருபவர்கள் வழுக்கி விழுவார்கள். பொரியும் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம்.

விழாவுக்கு முன் சில நாள் மாலையில் முழு வேஷம் போட்டு, பக்கத்து வீட்டு ஆச்சியிடம் போய் வணக்கம் சொல்லிவிட்டு வரட்டும். இத்தனைக்கும் பிறகு மேடையில் அழுதால், நீங்களே போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். இறங்கியதும் ‘போன வருஷமும் இப்படித்தான்’ என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள், பாட்டியாக இருந்தாலும்.

என் பேத்தி இரண்டாம் வகுப்பு. திருக்குறள் ஒப்புவித்தல் போட்டிக்குக் கடவுள் வாழ்த்து பத்துக் குறளும் மனப்பாடம் செய்கிறாள். ஆறு வரை மழை மாதிரி பொழிகிறாள், வேகமும் அதிகம். ஏழாவது குறளைத் தொடங்கி, எட்டாவது குறளில் முடித்துவிடுகிறாள். ‘தப்பு, முதலிலிருந்து சொல்லு’ என்றால் அழுகிறாள். நாலு நாளாக இதே கதை.
- ஒரு தாத்தா, குளித்தலை

ஐயா, பேத்தியின் மேல் தப்பே இல்லை. ஏழாவது குறளின் முதல் வரி ‘தாள்சேர்ந்தார்க் கல்லால்’ என்று முடிகிறது. எட்டாவதின் முதல் வரியும் அதேதான். இரண்டு குறளுக்கும் கடைசிச் சொல் ‘அரிது’. நடுவில் ரயில் தண்டவாளம் மாறுகிற இடம் அது. ‘தனக்குவமை இல்லாதான் தாள்சேர்ந்தார்க் கல்லால்’ என்று போகிற பிள்ளை ‘பிறவாழி நீந்தல் அரிது’ என்று இறங்குவது எல்லா ஊரிலும் நடக்கிறது. ஒப்புவித்தலுக்கு நடுவராக உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஏழாவது குறள் வந்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

இதற்கு மருந்தும் குறளுக்குள்ளேயே இருக்கிறது. எதுகையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தனக்கு என்றால் மனக்கவலை. அறவாழி என்றால் பிறவாழி. இந்தப் பத்துக் குறளிலும் முதல் வரியின் முதல் சொல்லும் இரண்டாம் வரியின் முதல் சொல்லும் இப்படிக் கைகோத்துத்தான் நிற்கின்றன: அகர, பகவன், மலர்மிசை, நிலமிசை, இருள்சேர், பொருள்சேர், பொறிவாயில், நெறிநின்றார். நீங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ‘வேண்டுதல்’ என்று ஒரு சொல்லை வீசுங்கள், அவள் ‘யாண்டும்’ என்று திருப்பி வீசட்டும். ‘கோளில்’ என்றால் ‘தாளை’. ‘பிறவி’ என்றால் ‘இறைவன்’. முழுக் குறளும் வேண்டாம், இந்த ஜோடிகள் மட்டும். பந்து விளையாட்டு போலப் பத்தும் போய்வரத் தொடங்கிவிட்டால் தாவல் நின்றுவிடும்.

ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லச் சொல்வதை இன்றோடு விட்டுவிடுங்கள். அப்படிச் செய்தால் ‘அகர முதல’ தூக்கத்தில் கேட்டாலும் வரும், எட்டுக்குப் பிறகு எல்லாம் ஆட்டம் காணும். தடுமாறிய குறளை மட்டும் சொல்லிவிட்டு அங்கிருந்தே மேலே போகட்டும். இன்னும் நல்லது, பத்தாவதில் தொடங்குவது. பத்து மட்டும், பிறகு ஒன்பதும் பத்தும், பிறகு எட்டிலிருந்து பத்து வரை என்று பின்னாலிருந்து கட்டிக்கொண்டு வந்தால், மேடையில் போகப் போகத் தெரிந்த இடத்துக்கு வருகிற தெம்பு கிடைக்கும்.

வேகம் அதிகம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். குறளுக்கு ஏழு சீர், முதல் வரியில் நான்கு, இரண்டாவதில் மூன்று. முற்றத்தில் சீருக்கு ஓர் அடி என்று நாலு அடி முன்னால் நடந்து, நின்று, திரும்பி, மூன்று அடி வரட்டும். இரண்டு நாளில் வேகம் தானாக அடங்கும், வரிக்கு நடுவில் மூச்சு விடும் இடமும் பழகிவிடும். முன்பல் விழுந்திருக்கும் வயது, சில எழுத்து காற்றாகப் போகும். நடுவர்களுக்கு அது தெரியும், நீங்கள் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். இந்தப் பத்தையும் அவள் சொல்லி முடித்ததும், ‘1330-யும் முற்றோதல் பண்ணச் சொல்லலாமே’ என்று ஓர் உறவினர் வருவார். அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

மகள் குழு நடனத்தில் ஆடுகிறாள். மேடைக்குக் கீழே நின்று நான் ஸ்டெப்ஸ் போட்டுக் காட்டினால் அவளுக்கு உதவியாக இருக்குமா?
- ஓர் அம்மா, ஓசூர்

இருக்காது. மற்ற பிள்ளைகள் பக்கத்தில் இருப்பவர்களோடு சேர்ந்து திரும்பும்போது உங்கள் மகள் மட்டும் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கீழே நிற்பவர் எதிர்ப்பக்கம் பார்த்து ஆடுவதால் வலது இடதும் குழம்பும். எந்த வரிசையில் உட்காரப் போகிறீர்கள் என்று காலையிலேயே சொல்லிவிட்டு, பளிச்சென்று ஒரு நிறத்தில் உடுத்திக்கொண்டு போய் அங்கேயே உட்காருங்கள். செல்போனில் படம் எடுக்கப் பின்னால் யாராவது கட்டாயம் இருப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உங்கள் முகம் போனுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் அவள் யாரைத் தேடுவாள்?

பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். மகன் ஒன்றாம் வகுப்பு. பேசும்போது முதல் எழுத்திலேயே திக்கி நிற்பான். குழந்தைகள் தினத்துக்குப் பேசப் பெயர் கொடுத்தான். மிஸ் ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டார்களாம். வீட்டில் வந்து படுத்துக்கொண்டான். நான் போய்ச் சண்டை போடவா, விட்டுவிடவா?
- ஓர் அப்பா, திருப்பூர்

தம்பி, ‘எனக்குப் பேசணும்’ என்று அவனே பெயர் கொடுத்திருக்கிறான் பாருங்கள், அதை விட்டுவிடக் கூடாது. சண்டையும் வேண்டாம். ஷிப்ட் இல்லாத ஒரு நாள் பள்ளி விட்டதும் மிஸ்ஸைத் தனியாகப் பாருங்கள். பையன் பக்கத்தில் இருக்க வேண்டாம். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார், மேடையில் மற்ற பிள்ளைகள் சிரித்துவிடுவார்களோ என்ற பயம்தான். அவரிடம் ஒரு யோசனை வையுங்கள்: மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்து ஒரே குரலில் பாடுவதோ, சொல்வதோ இருந்தால் அவனையும் அதில் சேர்க்கட்டும். திக்கிப் பேசும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பாடும்போதும் மற்றவர்களோடு சேர்ந்து சொல்லும்போதும் திக்குவதில்லை. நீங்களே வீட்டில் அவனோடு சேர்ந்து ஒரு பாட்டைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். தனியாகத்தான் பேசுவேன் என்று அவன் நின்றால் அதற்கும் வழி விடச் சொல்லுங்கள். நேரம் கூட ஆகும், அவ்வளவுதான். பேசப் போகும் முன் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘இவன் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும்’ என்று மிஸ் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவர்கள் காத்திருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைவிடப் பொறுமை உண்டு.

வீட்டில் அவன் திக்கும்போது ‘மெதுவா சொல்லு’, ‘மூச்சு விட்டுட்டுச் சொல்லு’ என்று யாரும் சொல்ல வேண்டாம். வார்த்தையை எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். அவன் முகத்தைப் பார்த்து, அவன் என்ன சொல்கிறான் என்பதை மட்டும் கேளுங்கள். நீங்கள் கொஞ்சம் நிதானமாகப் பேசினால் அவனுக்கும் அவசரம் குறையும். மிகச் சின்ன வயதில் திக்குகிற பிள்ளைகள் பலருக்குத் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஒன்றாம் வகுப்பு வந்தும் இருக்கிறது என்றால் காத்திருக்காமல் ஸ்பீச் தெரபிஸ்டிடம் காட்டுங்கள். தனியாரிடம் போக வசதி இல்லாவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், பிள்ளைகளுக்கான மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். 18 வயது வரை அங்கே பார்ப்பார்கள். நாக்கில் வசம்பு தேய்க்கச் சொல்லி யாராவது வருவார்கள். கேட்டுக்கொண்டு சும்மா இருந்துவிடுங்கள்.

ஆண்டு விழா டான்ஸுக்கு டிரெஸ் வாடகை, மேக்கப் எல்லாம் சேர்த்து ஒரு பிள்ளைக்கு 1,400 ரூபாய் கேட்கிறார்கள். எனக்கு இரண்டு பெண்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் எல்லோரும் ‘ஓகே மேம்’ போட்டுவிட்டார்கள். இல்லை என்று சொன்னால் பிள்ளைகளை டான்ஸிலிருந்து எடுத்துவிடுவார்களோ?
- பெயர் வேண்டாம், அருப்புக்கோட்டை

நாலு நிமிட நடனத்துக்கு, வேறு யாரோ போட்டு வேர்த்த ஜிகினா உடுப்புக்கு 1,400 ரூபாய்! எனக்கு இந்த வாடகை உடுப்பு வியாபாரமே பிடிக்காது. பாவாடை சட்டையிலும் கண்டாங்கிச் சேலையிலும் ஆட முடியாத ஆட்டமா? கும்மி, கோலாட்டம், கரகம் எல்லாம் வீட்டில் இருந்த துணியில்தானே வளர்ந்தன. சரி, என் கோபம் உங்கள் பிரச்சினையைத் தீர்க்காது.

குரூப்பில் எதுவும் எழுத வேண்டாம். ‘ஓகே மேம்’ போட்டவர்களில் நாலு பேராவது உங்களைப் போலப் பல்லைக் கடித்துக்கொண்டு போட்டவர்கள்தான். அளவெடுத்து முன்பணம் கட்டும் முன்பே வகுப்பாசிரியரை நேரில் பாருங்கள், அப்புறம் போனால் அவர் கையிலும் ஒன்றும் இருக்காது. ‘முடியாது’ என்று தொடங்காமல், ‘ஒருத்திக்குத்தான் என்னால் கட்ட முடியும், இன்னொருத்திக்கு யூனிஃபார்மிலேயே செய்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள்’ என்று கேளுங்கள். எந்த ஆண்டு விழாவிலும் அப்படிப்பட்ட இடங்கள் இருக்கும்: தமிழ்த்தாய் வாழ்த்துக் குழு, வரவேற்புரை, நன்றியுரை, விருந்தினருக்குப் பூங்கொத்து. பேசுகிற பிள்ளை என்றால் வில்லுப்பாட்டில் ‘ஆமா’ போடச் சேர்த்துக்கொள்வார்கள்.

இரண்டு பேருமே டான்ஸ்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால், உடுப்பின் படத்தை வாங்கி உங்கள் டெய்லரிடம் காட்டுங்கள். மூன்று நான்கு அம்மாக்கள் சேர்ந்து மொத்தமாகத் துணி எடுத்தால் பல நேரம் வாடகையைவிடக் குறைவாக முடியும், பாவாடை வீட்டிலும் நிற்கும். ஒரே நிறமாக இருக்க வேண்டும் என்பதுதான் டான்ஸ் மாஸ்டரின் கவலை. துணித் துண்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொண்டு வெட்டச் சொல்லுங்கள்.

விளையாட்டு விழாவில் என் எல்.கே.ஜி. மகள் ஓட்டப் பந்தயத்தில் நன்றாக ஓடி வந்து, கோட்டுக்கு முன்னால் நின்று என்னைத் தேடினாள். எல்லோரும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள். இந்த வருடம் எலுமிச்சம்பழம் ஸ்பூன் போட்டியும் இருக்கிறது. ஏதாவது யோசனை?
- ஓர் அப்பா, நாமக்கல்

கோட்டுக்குப் பக்கவாட்டில் நின்றிருப்பீர்கள். இந்த வருடம் கோட்டைத் தாண்டிப் பத்தடி தள்ளி நேர் எதிரே நில்லுங்கள், கையை விரித்து. சின்னப் பிள்ளைகள் கோட்டை நோக்கி ஓடுவதில்லை, ஆளை நோக்கித்தான் ஓடுவார்கள். உங்களைத் தொட வருகிறவள் கோட்டைத் தானாகத் தாண்டிவிடுவாள். புது ஷூவை அன்று மாட்டாதீர்கள், ஒரு வாரம் முன்பே போட்டுப் பழகட்டும். காலையில் இரண்டு இட்லி போதும்.

ஸ்பூனுக்கு: குழி ஆழமானதாக, காம்பு தட்டையானதாகப் பாருங்கள். உதட்டால் பிடித்தால் ஆடும், பல்லால் கடிக்கச் சொல்லுங்கள். நல்ல உருண்டைப் பழம் உருளும், கொஞ்சம் நீளவாக்கான பழம் நிற்கும். ஆனால் பழத்தைப் பள்ளியில்தான் கொடுப்பார்கள் என்றால், எடுப்பதற்கு இரண்டு மூன்று இருந்தால் எதை எடுப்பது என்று மட்டும் காட்டிக் கொடுங்கள். கீழே விழுந்தால் எடுத்து வைத்துத் தொடரலாமா, அவுட்டா என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். முதல் நாளே கேட்டுவிடுங்கள். பலூன் உடைக்கும் போட்டிக்கு இந்த வயதில் அனுப்பாதீர்கள், சத்தத்துக்குப் பயந்து மற்றதற்கும் போகமாட்டாள்.

என் பையனுக்கு மேடை என்றாலே வேண்டாம். எதிலும் பெயர் கொடுக்க மாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தினால் காய்ச்சலே வந்துவிடுகிறது. வீட்டில் நன்றாகத்தான் பேசுகிறான். மற்ற பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது.
- ஓர் அம்மா, பட்டுக்கோட்டை

கஷ்டம் உங்களுக்குத்தான், அவனுக்கு இல்லை. ஒரு வருடம் மேடையை மறந்துவிடுங்கள். விழா என்பது மேடை மட்டுமா? வாசலில் நிற்க ஆள் வேண்டும். பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கற்கண்டுத் தட்டு என்று மூன்று வேலை அங்கே காத்திருக்கிறது. வகுப்பாசிரியரிடம் சொல்லி, அவனுக்குப் பிடித்த ஒரு சிநேகிதனோடு சேர்த்து அங்கே நிறுத்தச் சொல்லுங்கள். வருகிறவர்கள் ஒவ்வொருவராகத்தான் வருவார்கள், குனிந்து அவன் உயரத்துக்கு வந்து சிரிப்பார்கள், ‘பேர் என்ன தம்பி?’ என்பார்கள். முதல் பத்துப் பேருக்குப் பதில் வராது. அப்புறம் அவனாகவே ‘வாங்க’ என்று சொல்லத் தொடங்குவான். பன்னீர்ச் செம்பை மட்டும் கொடுக்க வேண்டாம். அரை மணி நேரத்தில் தலைமையாசிரியரின் பட்டுப் புடவை நனைந்துவிடும். கற்கண்டுத் தட்டுதான் இந்த வயதுக்குச் சரி. அதில் பாதி அவன் வாய்க்குள்தான் போகும். தட்டைக் கொஞ்சம் கூடுதலாகவே நிரப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.